பழைய காரின் எஞ்சின் கொதிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பழைய கார் ஒன்றை வாங்கி, முதல் முறையாக வெப்ப மீட்டரின் முள் சிவப்புப் பக்கம் நகர்ந்ததும், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெரிய ரேடியேட்டர் மாட்டு, எலெக்ட்ரிக் ஃபேன் போடு, தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறி. முதல் இரண்டும் பெரும்பாலும் தேவைப்படாது. மூன்றாவது கெடுதலே செய்யும். அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த காலத்தில் அதே ரேடியேட்டரோடும் அதே ஃபேனோடும்தான் மேடு ஏறியது, வெயிலில் ஓடியது. இடைப்பட்ட நாற்பது ஐம்பது ஆண்டுகளில் துரு, உப்புப் படிவு, தளர்ந்த ரப்பர், யாரோ மாற்றிப் போட்ட பொருந்தாத பாகம் என்று ஏதோ ஒன்று அந்தத் திறனைத் தின்றிருக்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. புதுப் பாகம் வாங்குவது அதற்குப் பிறகு.

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போகிறது. ஏறக்குறைய அதே அளவு, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய், காற்றிடம் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறது. ஆகவே கோளாறு மூன்று இடங்களில்தான் இருக்க முடியும்: எஞ்சின் தேவைக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறது, தண்ணீர் சரியாக ஓடவில்லை, அல்லது காற்று போதவில்லை.

முதலில்: எப்போது சூடாகிறது?

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டிப் பார்த்து இதைக் கவனியுங்கள். பாதி நோயறிதல் இங்கேயே முடிந்துவிடும்.

நெரிசலில் ஊர்ந்துபோகும்போது முள் ஏறி, சாலை திறந்து வேகமெடுத்ததும் இறங்கினால் காற்றில்தான் குறை. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஊர்ந்து போகும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஃபேன், அதன் பெல்ட், அதைச் சுற்றியுள்ள கூண்டுத் தகடு ஆகியவற்றைப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் வேகமாக ஓடினால் முள் மெல்ல மெல்ல ஏறுகிறது என்றால், காற்றுக்குக் குறைவில்லை, தண்ணீர் ஓட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அதன் கீழ் ஹோஸ் (ரப்பர் குழாய்) சப்பிப்போகலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். கார்புரேட்டர் கலவை மெலிந்திருந்தாலும், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருந்தாலும், இதே அறிகுறிதான்.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே சிவப்பைத் தொட்டால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, தண்ணீர் குறைந்திருக்கிறது, உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது.

எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து மறுபடி சாவியைத் திருப்பினால் முள் முன்பைவிட உயர்ந்திருக்கும். இதைக் கண்டு பயப்படாதீர்கள். பம்ப் நின்றுவிட்டதால் இரும்பில் இருந்த வெப்பம் நகராத தண்ணீருக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிடும்.

புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றும் உண்டு. வெயிலில் நின்று கிளம்பும்போது எஞ்சின் திக்கித் திணறி அணைந்துபோகிறது, ஆனால் மீட்டர் நடுவில்தான் நிற்கிறது. இது எஞ்சின் சூடல்ல. கார்புரேட்டரிலோ பெட்ரோல் குழாயிலோ பெட்ரோலே ஆவியாவது. பெட்ரோல் குழாய் புகைக்குழாய்க்கு எவ்வளவு அருகில் போகிறது என்று பாருங்கள். ரேடியேட்டரை மாற்றினால் இது தீராது.

மீட்டர் உண்மை சொல்கிறதா?

பழைய மீட்டரை அப்படியே நம்பிவிடக் கூடாது. தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அதைவிடப் பயனுள்ள கருவி வேறு இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பின் தெர்மோஸ்டாட் கூட்டின் மீது பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான பழைய எஞ்சின்களுக்கு 75 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. பளபளக்கும் உலோகத்தில் இது தப்பாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக இருக்கும்.

1960களின் நடுவிலிருந்து வந்த பல பிரிட்டிஷ் கார்களில், மீட்டர்களுக்குச் சீரான 10 வோல்ட் தருவதற்காக டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறிய நிலைப்படுத்தி இருக்கும். அது பழுதானால் பெட்ரோல் மீட்டரும் வெப்ப மீட்டரும் சேர்ந்தே உயர்த்திக் காட்டும். சூடு ஏறும்போது டேங்கில் பெட்ரோலும் கூடுகிறது என்றால் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள்.

இதைவிட ஆபத்தானது மீட்டர் குறைத்துக் காட்டுவது. தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது வெறும் காற்றையும் நீராவியையும்தான் அளக்கும். ஏறிக்கொண்டிருந்த முள் காரணமில்லாமல் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாமல் உடனே ஓரங்கட்டுங்கள்.

தண்ணீரும் மூடியும்

ரேடியேட்டர் மூடியை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி கழன்ற நொடியில் அதில் ஒரு பகுதி ஆவியாகி, கொதிநீரோடு முகத்தில் அடிக்கும்.

திறந்ததும் நிறத்தைப் பாருங்கள். காவி நிறத்தில் கலங்கி இருந்தால் உள்ளே துரு ஓடுகிறது. மேலே எண்ணெய் மிதந்தால் விஷயம் பெரிது. அதற்குக் கீழே வருகிறேன்.

குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் வெப்பத்தில் படிந்து, சிலிண்டர் சுவரில் மேலங்கி போலப் போர்த்திவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர் அல்லது உப்பு நீக்கிய தண்ணீர் மட்டுமே பயன்படுத்துங்கள். அதோடு கூலன்ட் கலக்க வேண்டும். பனி விழாத இடத்தில் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல் காப்பது மற்றொன்று. வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு அதுதான் முக்கியம்.

எவ்வளவு கலப்பது? கடுங்குளிர் உள்ள இடத்தில் சரிபாதி. இந்தக் கலவை சுமார் 37 டிகிரி உறைநிலைக்குக் கீழே வரை தாங்கும். ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கூலன்டில் உள்ள கிளைக்கால் கூடக் கூட அந்தத் திறன் குறையும். உறைபனியே இல்லாத இடத்தில், கூலன்ட் டப்பாவில் துருத் தடுப்புக்குக் குறிப்பிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவே போதும் என்பது என் கருத்து. அதற்கும் கீழே போனால் துருத் தடுப்பு வேலை செய்யாது.

எந்தக் கூலன்ட் என்பதும் முக்கியம். பித்தளையும் செம்பும் ஈயப் பற்றும் கொண்ட பழைய ரேடியேட்டருக்கு, ஐ.ஏ.டி. (IAT) எனப்படும் பழைய முறைக் கூலன்ட்தான் பாதுகாப்பானது. புதிய கார்களுக்கான ஓ.ஏ.டி. (OAT) வகை, பழைய ஈயப் பற்றையும் சில பழைய சீல்களையும் அரிக்கக்கூடும். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஐ.ஏ.டி.யை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வடித்த கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கு ஆபத்து. குழந்தைகளுக்கும் அப்படியே.

மூடி சின்னப் பொருள்தான், ஆனால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையை எஞ்சினுக்கு இது செய்கிறது. ஒவ்வொரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தமும் தண்ணீரின் கொதிநிலையை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயர்த்தும். 7 பிஎஸ்ஐ மூடி இருந்தால் வெறும் தண்ணீர் சுமார் 111 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ என்றால் 121. ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காத மூடி, உங்களைப் பழையபடி 100க்கே கொண்டுவந்துவிடும். உயரமான மலைப்பகுதியில் அதற்கும் கீழே. 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும்.

அதற்காக 7 இருக்க வேண்டிய இடத்தில் 15 போட்டுவிடாதீர்கள். பழைய ரேடியேட்டரின் பற்றுகளும் ஹீட்டரும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. கழுத்தின் ஆழத்துக்கு ஏற்ற மூடிதானா என்றும் பாருங்கள். ஆழம் அதிகமான கழுத்தில் குட்டையான மூடி போட்டால் பார்வைக்குச் சரியாக மூடியிருக்கும், அழுத்தம் மட்டும் நிற்காது.

தனியாக விரிவுத் தொட்டி இல்லாத வண்டியில் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பக் கூடாது. சூடானதும் தண்ணீர் விரிந்து வழியும். மறுநாள் குறைந்திருக்கிறதே என்று மறுபடி நிரப்புவார்கள், மறுபடி வழியும். ‘வண்டி தண்ணீர் குடிக்கிறது’ என்று புலம்புவார்கள். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே விட்டுவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் மட்டம் இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு.

உள்ளே உறைந்திருக்கும் துரு

என் அனுபவத்தில் மாயமான சூட்டுக் கோளாறுகளுக்கு அதிகம் காரணமாக இருப்பது இதுதான். ரேடியேட்டரைப் பலர் சுத்தம் செய்கிறார்கள். சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் பிளாக்கைத் தொடுவதில்லை. பம்ப் முன்னால் இருப்பதால் தண்ணீர் முன்பக்கம் வேகமாகவும் பின்பக்கம் மெதுவாகவும் ஓடும். எனவே துருச் சேறும், வார்க்கும்போது தங்கிப்போன மணலும் கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் குவியும். அங்கே தண்ணீர் போகவே இடமில்லாமல் இறுகிக் கிடக்கும். எவ்வளவு பெரிய ரேடியேட்டர் மாட்டினாலும் அந்தச் சிலிண்டர் வெந்துகொண்டேதான் இருக்கும்.

செய்முறை இதுதான். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரின் கீழ்க் குழாயைத் திறந்து வடியுங்கள். பிறகு பிளாக்கின் பக்கவாட்டில், பெரும்பாலும் பின்பக்கமாக, ஒரு வடிகுழாயோ திருகு மூடியோ இருக்கும்; அதையும் திறங்கள். ஒரு சொட்டும் வரவில்லை என்றால் மகிழாதீர்கள், அடைத்திருக்கிறது என்று பொருள். கெட்டிக் கம்பியை உள்ளே விட்டுக் கிளறுங்கள். முதலில் காவிச் சேறு வரும், பிறகு கறுப்பாக, பிறகு செதில் செதிலாக. தெர்மோஸ்டாட்டைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, மேலிருந்து தோட்டக் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டே கிளறுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தாதீர்கள், பொறுமை வேண்டும். நிலைமை மோசமாக இருந்தால் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு அடைப்புகளைக் கழற்றி உள்ளே கையாலேயே சுரண்டி எடுக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

ரேடியேட்டரைத் தனியாகக் கழற்றி, தண்ணீர் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த்திசையில் அலசுங்கள். அழுத்தத்தை மிதமாக வையுங்கள். சுண்ணாம்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் உதவும். அலுமினிய ஹெட் உள்ள எஞ்சினில் அதை நீண்ட நேரம் ஊறவிடாமல் நன்றாக அலசிவிட வேண்டும். அடைப்பு நீங்கியதா என்று அறிய, ஓடி நின்ற வண்டியின் ரேடியேட்டர் முழுவதும் அகச்சிவப்பு வெப்பமானியை நகர்த்துங்கள். தண்ணீர் மேலிருந்து கீழே போகும் ரேடியேட்டரில் சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். இடையில் திடீரென்று குளிர்ந்த திட்டு தெரிந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துக் கிடக்கின்றன. அலசியும் போகவில்லை என்றால், ரேடியேட்டர் கடைக்காரர் தொட்டியைப் பிரித்துக் குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்தி எடுப்பார். ரேடியேட்டரின் நடுவிலுள்ள குழாய்த் தொகுதியையே புதிதாக மாற்றுவது கடைசி வழி.

கசிவை அடைக்கும் பொடிகளையும் திரவங்களையும் ஊற்றாதீர்கள். கசியும் ஓட்டையை அடைக்கும் அதே பொருள், மெல்லிய ரேடியேட்டர் குழாய்களையும் அடைத்துவிடும்.

தெர்மோஸ்டாட்

அதைக் கழற்றினால் தண்ணீர் வேகமாக ஓடி வெப்பத்தை விட நேரம் கிடைக்காது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அது சரியல்ல, வேகமான ஓட்டம் வெப்பத்தைக் கூடுதலாகவே எடுத்துப்போகும். உண்மையான சிக்கல் வேறு. ஜாகுவாரின் பழைய ஆறு சிலிண்டர் எக்ஸ்.கே. எஞ்சின் போன்றவற்றில், தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் பாவாடை போன்ற வளையம், ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீரை எஞ்சினுக்கே திருப்பும் பக்கவழியை மூடும். அதைக் கழற்றிவிட்டாலோ வளையமில்லாத சாதாரண வகையைப் போட்டாலோ, தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிச் சுற்றி வரும். மற்ற எஞ்சின்களிலும், சூடேறாமலே ஓடுவதால் தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு வெப்பமானியோடு சூடாக்கிப் பாருங்கள். அதன் மீது 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் 10, 15 டிகிரி ஏறும்போது முழுக்கத் திறக்க வேண்டும். அடுப்பை அணைத்ததும் மூடவும் வேண்டும். மாட்டும்போது ஆடும் சிறு ஊசி உள்ள துளை மேல்பக்கம் இருக்கட்டும். காற்று வெளியேற அதுதான் வழி.

பம்ப், பெல்ட், ஹோஸ்

ஃபேன் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப் தாங்கி போய்விட்டது. பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் ஈரமோ வெள்ளைப் படிவோ தெரிந்தால் சீல் போய்விட்டது. பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்.

ஹோஸ்களில் கீழ் ஹோஸைத் தனியாகக் கவனியுங்கள். பம்ப் அதிலிருந்து உறிஞ்சுவதால், ரப்பர் தளர்ந்திருந்தால் வேகமாக ஓடும்போது சப்பி ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. பல வண்டிகளில் இதைத் தடுக்கவே உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கும். ஹோஸ் மாற்றும்போது அது துருப்பிடித்துக் கரைந்திருந்தால் புதிது போடுங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் சூடாகும் வண்டிக்கு இதை முதலில் பாருங்கள்.

காற்று வரும் வழி

ரேடியேட்டர் இடுக்குகளில் சிக்கிய பூச்சி, புல், தூசியை எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கித் தண்ணீர் அடித்துத் தள்ளுங்கள். முன்னால் அலங்காரத்துக்கு மாட்டிய கூடுதல் விளக்குகளும் சங்கச் சின்னங்களும் காற்றைத்தான் மறைக்கின்றன. ரேடியேட்டரின் ஓரங்களில் முன்பு இருந்த ரப்பர் பட்டைகளும் தடுப்புத் தகடுகளும் காணாமல் போயிருந்தால், காற்று ரேடியேட்டர் வழியே போகாமல் சுற்றி ஓடிவிடும். யாரோ வேண்டாம் என்று கழற்றிய அந்த அட்டைத் துண்டுக்கு வேலை இருந்தது.

கூண்டுத் தகடு இருந்தால் ஃபேன் இறக்கையில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். கழற்றி மாட்டிய ஃபேன் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள், நடக்கக்கூடியதுதான். எலெக்ட்ரிக் ஃபேன் போட்டே ஆக வேண்டும் என்றால், பழைய டைனமோவால் அந்த மின்சாரத்தைத் தர முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தண்ணீருக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள்

எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையவில்லை என்றால், ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் விளக்கை எடுங்கள். பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் வெளியேற்றம்வரை நீண்டு, சிலிண்டர் சுவரும் புகை வால்வும் கூடுதலாகச் சூடாகும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிடக் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்தகடு நகர வேண்டும், நாக்கை வைத்து மூடினால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அதை இழுக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது. கலவை மெலிந்திருக்கிறதா என்பதை ஸ்பார்க் பிளக் சொல்லும்: வெளுத்து வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. இறுகிப் பிடித்த பிரேக்கும் எஞ்சினுக்குச் சுமைதான். ஓடி வந்ததும் நான்கு சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கலாம், இடைவிடாமல் குமிழி வரும், கசிவே தெரியாமல் தண்ணீர் குறையும், எண்ணெய் மூடியில் வெள்ளைக் குழம்பு படியும், சூடான பின்னும் வெண்புகை நிற்காது. சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருப்பதைக் காட்டும் நீலத் திரவச் சோதனைக் கருவி உண்டு. பெட்ரோல் எஞ்சினில் அது மஞ்சளாக மாறினால் சந்தேகமே வேண்டாம்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போலக் காற்றால் குளிரும் எஞ்சின் என்றால் மேலே சொன்ன தண்ணீர்க் கதை எதுவும் பொருந்தாது. அங்கே ஃபேன் பெல்ட்டே உயிர். டைனமோ சிவப்பு விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். பேட்டரிதானே என்று ஓட்டாமல் உடனே நிறுத்துங்கள். எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ரப்பர்களையும் ஒன்றுவிடாமல் மாட்டி வையுங்கள், எண்ணெய் மட்டத்தை அடிக்கடி பாருங்கள்.

நிரப்புவதும், வழியில் சூடானால் செய்வதும்

புதுத் தண்ணீர் நிரப்பும்போது வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸைப் பிசைந்துவிட்டால் சிக்கிய காற்று குமிழ்ந்து வெளியேறும். மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கியதும் மீதியை ஊற்றி மூடுங்கள்.

ஓடும்போது முள் ஏறினால் முதலில் ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். கால் வேகும், ஆனால் அது ஒரு குட்டி ரேடியேட்டர். நெரிசலில் நிற்கிறீர்கள், ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது என்றால் கியரை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலரேட்டரைச் சற்றே மிதித்து வையுங்கள். ஃபேனும் பம்பும் வேகம் பிடிக்கும். நீராவி கிளம்பிவிட்டால் இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பானெட்டைத் திறந்து வைத்துக் குறைந்தது அரை மணி நேரம் விலகி நில்லுங்கள். மேல் ஹோஸ் கை வைக்கும் சூட்டுக்கு வந்தபின் தடித்த துணியை மூடி மேல் போட்டு, மூடி முதலில் தடுத்து நிற்கும் இடம் வரை மட்டும் திருப்பி அழுத்தத்தை விடுங்கள், பிறகு முழுக்கத் திறங்கள். சூடான பிளாக்கில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிசல் விடக்கூடும். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகுகிறது அல்லது உள்ளே குமிழி நிற்கவில்லை என்றால் அதற்கு மேல் ஓட்டாமல் இழுவை வண்டியை அழையுங்கள்.